ஃபெஃபர் என்றொரு சொல்

தை மாதத்தில் மலைமேல் இருக்கும் எங்கள் எடப்புளி நாட்டுக்குள் கால் வைப்பவருக்கு முதலில் தும்மல்தான் வரும். பறித்த மிளகை வாசல்தோறும் பாயில் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள், காற்று திரும்பும்போதெல்லாம் அந்தக் காரம் தொண்டை வரைக்கும் இறங்கும். வெள்ளைக்காரர் ஆண்ட அந்த நாளில் நான் பாவாடை கட்டிய சிறுமி. ஊருக்கு மேலே காப்பித் தோட்டம் போட்டிருந்த துரையின் மனைவி ஜெர்மன் நாட்டுக்காரர், ‘துரைசாணி’ என்போம். மிளகு வாங்க எங்கள் வீட்டுக்கு அவரே வருவார். ஒரு மணியை விரலில் எடுத்து ‘ஃபெஃபர்’ என்பார். அடுப்பை ஊதுவதுபோல் ஒலித்த அந்தச் சொல்லை அம்மாவும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒருநாள் துரை சேலத்துக்குப் போயிருந்தார்; சமையல்காரரும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிவிட்டார். பால் கொடுக்கப் போன நாங்கள் பார்த்தபோது துரைசாணி கட்டிலில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். இருமலுக்கு நடுவே எங்களைப் பார்த்து ‘ஃபீபர், ஃபீபர்’ என்றார்.

“மொளகு கேக்கறாங்க கண்ணு,” என்றாள் அம்மா.

வீட்டுக்கு ஓடிவந்து, மிளகையும் காட்டிலிருந்து பறித்து வைத்திருந்த திப்பிலியையும் சேர்த்து இடித்தாள். அப்பாவுக்குப் பயம். “ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நம்மளத்தான் புடிச்சுட்டுப் போவாங்க,” என்றார்.

“காச்சல்ல கெடக்கறவங்க வாயத் தொறந்து கேட்டிருக்கறாங்க. குடுக்காம எப்படீங்க இருக்கறது?” என்று சொல்லிவிட்டு, கஷாயத்தைக் காய்ச்சித் தேன் விட்டு எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

துரைசாணியைத் தோளில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். முதல் வாயிலேயே அவர் திகைத்துப்போய் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார்; ஆனாலும் குடித்து முடித்தார். சமையல்காரர் திரும்பி வரும்வரை அம்மா அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் துரைசாணிக்கு நன்றாக வியர்த்தது. இருமல் அடங்கித் தூங்கினார். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன பிறகுதான் அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

உடம்பு தேறியதும் துரைசாணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றியைத் தொட்டு ‘ஃபீபர்’ என்றார். பாயிலிருந்த மிளகைத் தொட்டு ‘ஃபெஃபர்’ என்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“அட சாமி, காச்சலுன்னு சொன்னீங்களா! நாம்பாட்டுக்கு மொளகக் காச்சி ஊத்திப்போட்டனே!”

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு அம்மா இல்லாமல் துரைசாணிக்கு ஒரு நாளும் கழியவில்லை.

பின்னாளில் நான் படித்து மொழி கற்பிக்கும் வேலைக்கு வந்தபோதுதான் ‘ஃபெஃபர்’ யாரென்று தெரிந்தது. காய்ச்சலைக் குறிக்கும் சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை. நாம் திப்பிலி என்பது வடமொழியில் பிப்பலி. அது கப்பலேறிக் கிரேக்கரிடம் பெபெரி, லத்தீனில் பிபெர், ஜெர்மனில் ஃபெஃபர், ஆங்கிலத்தில் பெப்பர் என்றாயிற்று. போன இடத்தில் பொருளும் மாறியது: திப்பிலியை மறந்து, அதன் பெயரை மிளகுக்கு வைத்துக்கொண்டார்கள். அம்மா ஒரே உரலில் இடித்தது அந்த இரண்டையும்தான்.

அம்மாவும் துரைசாணியும் இன்று இல்லை. அந்தத் தோட்ட வீடும் இடிந்து காடாகிவிட்டது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, பஸ் நிற்கும் இடத்துக் கடையில் திப்பிலி கேட்டேன்.

“அதெல்லாம் இங்க யாருங்க கேக்கறாங்க? பெப்பர் பாக்கெட்டு இருக்குதுங்க, தரட்டுங்களா?” என்றார் கடைக்காரர்.

“குடுங்க, அதுவும் திப்பிலிதான்,” என்று வாங்கிக்கொண்டேன்.