ஒரே நாளில் நவாப் அரண்மனைகள்

ஒரே நாளில் நவாப் அரண்மனைகளையெல்லாம் பார்த்துவிடத் திட்டம் போட்ட மேதாவி நான்தான். காலையிலேயே ஆற்காட்டில் ஒரு இடிந்த அரண்மனைச் சுவரோரம் நின்று, எதிரே பாத்திரம் துலக்கும் அம்மாவிடம், "அடுத்து எதைப் பாக்கலாம்மா?" என்று வழி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் முகம் கொடுக்கவில்லை.

தெருமுனையில் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. சுவரை ஒட்டிய தார்ப்பாய் மறைப்புக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்: "யம்மா, அந்தாளு போய்ட்டாரா? பாவாடையோட எப்டி வெளிய வர்றது?"

அரைமணி நேரமாகக் குளியல் மறைப்புக்குக் காவல் நின்றிருக்கிறேன். நவாபுக்கே இப்படியொரு காவல்காரன் வாய்த்திருக்க மாட்டான். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் வீட்டுக்குள் ஓடி உடை மாற்றி வருவதற்குள் வேன் போய்விடுகிறது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், "பொண்ண என் கார்ல கம்பெனில விட்டுடட்டுமாம்மா?" என்கிறேன்.

பாத்திரத்திலிருந்து தலை தூக்காமலே அந்த அம்மா சொல்கிறார்: "நீ அரமணையப் பாரு."