ரெங்கசாமி பலகையில் குடியேறிய முனியாண்டி

"இது சத்தியமா நடந்த கதை. ஒரு வார்த்தை கூட பொய் கிடையாது" என்றுதான் பிரிக்ஃபீல்ட்ஸில் குமுதா அக்கா கடையில் ஆரம்பித்தேன். தே தாரேவுக்காக டீயைக் குவளைக்குக் குவளை நுரை வர இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, குவளையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து உண்மையை ஒப்புக்கொண்டேன். கதை நிஜம்தான், நீளம் மட்டும் என்னுடையது. தேயை இழுப்பது போல நானும் கொஞ்சம் இழுப்பேன். இழுக்காத தேயில் நுரை ஏது?

"இழுங்க அண்ணே. சிந்தாம இழுங்க" என்றார் அக்கா.

எதிரே லோகன் உட்கார்ந்து பரோட்டாவைப் பழிவாங்குவது போலப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனும் எங்கள் சங்கம்தான். பொம்மை ரயில் சங்கம். பொம்மை என்றால் தலைவர் நிர்மலனுக்குக் கோபம் வரும், மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். சங்கத்தில் ஆளுக்கொரு பலகை. அதன் மேல் மலையோ எஸ்டேட்டோ ஸ்டேஷனோ, அவரவர் வீட்டில் அவரவர் ஊரைக் கட்டிக்கொள்ளலாம். கண்காட்சி அன்றைக்கு எல்லாப் பலகைகளையும் இந்தக் கடைக்குப் பக்கத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்து வட்டமாக மாட்டினால், ரயில் எல்லார் ஊரையும் சுற்றி வரும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். பலகையின் இரண்டு முனையிலும் தண்டவாளம் முன் ஓரத்திலிருந்து அஞ்சு இஞ்ச் உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் என் தண்டவாளம் பக்கத்துப் பலகையோடு சேரும்.

நிர்மலன் பங்சாரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அஞ்சு இஞ்ச் நம்பிக்கை உண்டு. அவருடைய எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. அதில்தான் அவருக்கு மோட்சம்.

ரெங்கசாமி அப்படியில்லை. மேருவில் இருக்கிறார், லோரி ஓட்டுகிறார். ஆள் எவ்வளவு பெரிசு என்றால், அவர் இறங்கினால் லோரி ஒரு முழம் உயரும்.

"சிந்துது" என்றார் அக்கா.

சரி, அரை முழம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பலகைகளை ஏற்றி இறக்கியது அந்த லோரிதான். எல்லார் ஊரும் அவர் லோரியில் போகும், அவருக்கு மட்டும் ஊர் கிடையாது. நாங்கள் உள்ளே ரயில் விடும்போது அவர் வெளியே லோரிக்குக் காவல் நிற்பார். இந்த வருஷம்தான், "பாஸ், நானும் ஒரு பலகை செய்யறேன். வட்டத்துல சேத்துக்குங்க" என்று தலைவரிடம் கேட்டார்.

"அஞ்சு இஞ்ச் இருந்தா போதும் அண்ணே, சேத்துக்கலாம்" என்றார் நிர்மலன்.

அன்றிலிருந்து மேருவில் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை இல்லை. ரெங்கசாமியின் ஊர்தான் இருந்தது. ஸ்டேரிங் பிடிக்கிற கை, மீசை முடி பிடுங்குகிற இடுக்கியைப் பிடித்துக்கொண்டு செடி நட்டது. ஆனால் முதல் வேலையாக அவர் செய்தது தண்டவாளம் அல்ல, முனியாண்டி. காட்டை வெட்டி ரயில் ரோடு போட்ட நம் ஆட்கள் முதலில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள். காவல்சாமி எங்கே இருக்கும்? ஊர் எல்லையில். ரெங்கசாமியின் ஊருக்கு எல்லை எது? பலகையின் முனை. அங்கேயே நெல்மணி அளவு முனியை, மீசையும் அரிவாளுமாக உட்கார வைத்தார். முன் ஓரத்திலிருந்து சரியாக அஞ்சு இஞ்ச்.

சட்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை. 'சும்மா வச்சுப் பார்ப்போம், பசை காயறதுக்குள்ள நகத்திக்கலாம்' என்று நினைத்தார். அதற்குள் ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டுக்கு உரம் ஏற்றிப் போக வேண்டியதாகிவிட்டது.

அவர் மனைவி மாரியாயி மேசையைத் துடைக்க வந்து முனியைப் பார்த்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. காதுக்கு மருந்து விடுகிற குழாயில் பால் அபிஷேகம், ஊக்கு முனையில் குங்குமம், கடுகளவு சூடம். அந்தச் சூடத்தில் இரண்டு பாக்கு மரம் எரிந்து போனது. புகையிலை நூலில் ஒரு சுருட்டு கூடச் செய்து வைத்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வரிசை பக்கத்து ஊர் கிள்ளான் பாசார் வரைக்கும் நின்றது.

"அண்ணே!"

சரி, வாசல் வரைக்கும்.

ரெங்கசாமி திரும்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஏ மாரி, அத தள்ளி வைக்கணும்டி. அந்த எடத்துலதான் ரயில் வரும்."

"கைய வச்சுப் பாருங்க. தெனம் லோரி ஓட்டற ஆளு நீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

காலையில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் சாவியே போடாத மனுஷன். கையை மடக்கிக்கொண்டார்.

செய்தி எட்டியதும் நிர்மலன் ஸ்கேலோடு மேருவுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். லோகன் அன்றைக்கு வேலையில் இருந்தான்.

"ஆன்டி, கொஞ்சம் நகத்தினா போதும்" என்றார் தலைவர்.

"ரயில நகத்துங்க தம்பி."

"ரயிலுக்கு ரூல்ஸ் இருக்கு ஆன்டி."

"முனிக்கு மட்டும் இல்லியா?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல எடமா தரோம். மலைக்குப் பின்னால, அமைதியா இருக்கும். புதுசா பெயிண்ட் அடிக்கற செலவ சங்கம் ஏத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜக் கோயிலை இடம் மாற்றச் சொல்லும் ஆபீஸ் மேசையில் நாம் கேட்டுப் பழகிய பேச்சு, நெல்மணிக்கும் அதே மெட்டில் வருகிறது.

"மலைக்குப் பின்னால உக்காந்து யாருக்குக் காவல் இருக்கும்?" என்றார் மாரியாயி.

ரெங்கசாமி பலகையைத் துணியால் மூட ஆரம்பித்தார். "பரவால்ல லா பாஸ். இந்த வருஷமும் நான் லோரிகிட்டயே நின்னுக்கறேன்."

மாரியாயி அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டார். "மூடாதீங்க. சாமிகிட்டயே பூப்போட்டுக் கேப்போம். செவப்பு வந்தா இங்கதான் இருக்கும், வெள்ள வந்தா நகரும்."

உள்ளே போய்ப் பூ வைத்து இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்து முனி முன்னால் வைத்தார். சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். மாரியாயி தலைவரைக் காட்டினார். "தம்பி எடுக்கட்டும். நம்பாத கை பொய் சொல்லாது."

கோடிக் கணக்கைத் தணிக்கை செய்கிற கை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார். செம்பருத்தி.

அவரே எடுத்த பூ, அவரால் மறுக்க முடியவில்லை. ஸ்கேலைப் பலகை முனையில் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரயில் முடியற எடத்துக்கு ரூல்ஸ் கெடையாது."

அதனால்தான் இந்த வருஷம் வட்டம் கிடையாது. பலகையெல்லாம் நீளமாக நிற்கிறது. ரெங்கசாமியின் பலகை கடைசி. ஒரு முனையில் தண்டவாளம் சட்டப்படி சேர்ந்தது, மறு முனையில் முனிக்கு முன்னால் நின்றுவிட்டது. எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ் இன்று காலை கண்காட்சியில் முனி வாசலில் நின்று, கும்பிட்டுவிட்டு, பின்னாலேயே திரும்பிப் போனது. மாரியாயி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் இன்ஜினைவிடப் பெரிசு. ரெங்கசாமி தன் பலகைக்குப் பக்கத்தில் சட்டை பட்டனெல்லாம் தெறிக்கிற மாதிரி நிற்கிறார். லோரியை எங்கே நிறுத்தினோம் என்பதே அவருக்கு ஞாபகமில்லை.

இதோடு நான் வாயை மூடியிருக்கலாம். கோப்பையில் தே கொஞ்சம் மீதி இருந்தது.

"ஆனா அக்கா, இன்னொரு பொட்டலத்த யாருமே பிரிக்கல. பிரிச்சிருந்தா அதுலயும் செம்பருத்திதான்."

லோகன் பரோட்டாவை விட்டுவிட்டு எழுந்தான். "என்னா சொன்ன? அப்ப அது செல்லாது! என் கூட்ஸ் வண்டிக்கு வட்டம் வேணும். மறுபடியும் பூப்போடணும்!"

"முனிகிட்ட ரெண்டாந்தரம் கேப்பியா? இது என்னா எலெக்‌ஷனா?" குமுதா அக்கா குவளையோடு வெளியே வந்துவிட்டார். "காலையிலதான் மண்டபத்துக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்தேன்!"

"பொம்மைகிட்டயா?"

"யார்ரா பொம்மை?"

பக்கத்து மேசைக்காரர், "பூவு மாரியாயி வீட்டுப் பூவு, அவங்க இஷ்டம்" என்றார். அவருக்கு எதிரே இருந்தவர், "அது எப்பிடிங்க, ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே?" என்று நாற்காலியைத் தள்ளினார்.

நான் இழுத்தது எது, இழுக்காதது எது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்க ஆள் இல்லை. லோகன் மண்டபத்துப் பக்கம் நடந்தான். அக்கா தே குவளையை ஓங்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"போய் நகத்துடா பாப்போம்! கைய வச்சுப் பாரு!"