ஆயில் விட்ட பியானோ

பழங்காநத்தத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மில் ஆபீசுக்குப் போய்வந்த டைப்பிஸ்ட் பத்மாசினியை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீசில் தமிழ், டைப்ரைட்டரில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை இருந்தும் எதிலும் அதிகம் பேசாதவள். முப்பத்தைந்து வயதில் பெண் பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்றால் யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் தூங்கினாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிரேயர் பாட்டுக்குப் பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மில்லில் வெள்ளைக்கார ஆபீசர்கள் விட்டுப்போன கிளப்பில் ஒரு பியானோ கிடந்தது. மத்தியானச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு அங்கே ஓடுவாள். வாசித்ததும் ஒரே உருப்படிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு ரஷ்யாக்காரர் எழுதியது. தனியாளாக உட்கார்ந்து சபையை வாய்பிளக்க வைக்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய எண்ணம். வலதுகை ஒரே கட்டையை விடாமல் படபடவென்று தட்டிக்கொண்டிருக்க, இடதுகை அதைத் தாண்டிக் குதித்து மேலே மணியடித்துவிட்டுத் திரும்பவேண்டும். மனுஷன் ஈவிரக்கமில்லாமல் எழுதியிருக்கிறார்.

அந்த இசைத்தாள்களை அவளுக்குக் கொடுத்தவர் மில்லின் கடைசி வெள்ளைக்கார இன்ஜினியருடைய மனைவி. மில்லில் எல்லாருக்கும் அவர் துரைசாணி. அவள் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டியபோது துரைசாணி சிரிக்காமல் சொன்னார்: "தப்பு ஒன்றும் இல்லை, பத்மா. ஆனால் நீ இதை டைப் அடிக்கிறாய்."

பிறகு கணவருக்கு உடம்பு முடியாமல் கொடைக்கானலுக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு சொல் பத்மாசினிக்குள் தங்கிவிட்டது. வருஷக்கணக்கில் வாசித்தாள். ஒருநாள், இனி இது டைப் அடிப்பது இல்லை என்று அவளுக்கே தோன்றியது. தோன்றி என்ன? ஆமாம் என்று சொல்லத் தெரிந்தவர் துரைசாணி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம், "எம்புட்டு வேகம்!" என்பதோடு சரி.

எழுபத்தாறாம் வருஷம் துரை இறந்துபோனார். துரைசாணி சீமைக்கே திரும்புகிறார், ரயிலேறும் முன் மில்லுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவார் என்று சேதி வந்தது. விஜயதசமி அன்று காலை, அரைமணி நேரம் கிளப்பில் உட்கார்ந்து கேட்கிறேன் என்று பத்மாசினிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அதன்பிறகு மத்தியானச் சோற்றையும் விட்டுவிட்டு வாசித்தாள்.

முந்தின நாள் ஆயுதபூஜை. மில்லில் அது தீபாவளியைவிடப் பெரிய நாள். துருப்பிடித்த ஸ்பானர் வரைக்கும் துடைத்து, ஆயில் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை கொடுப்பார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்று யாரும் தொடமாட்டார்கள். அவளும் கிளப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை கிளப் வாசலில் வாட்ச்மேன் நல்லகாமன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு நின்றார். கருமாத்தூர்ப் பக்கத்து ஆள். இத்தனை வருஷமும் அவள் வாசிக்கும்போது வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

"வாங்க டைப்பிஸ்டம்மா. வெள்ளைக்காரம்மா உள்ள வந்து உக்காந்துட்டாக. பயப்படாமப் போங்க. நேத்துப் பூசைக்கு உங்க பொட்டியப் பூராவும் தொறந்து ஆயில் விட்டுட்டேன். உள்ள சுத்தியல் சுத்தியலா இருக்குல்ல, அதுல ஒட்டியிருக்க கம்பளியெல்லாம் வறண்டு கெடந்துச்சு. ஒண்ணு விடாம நனைச்சுட்டேன். நூல் சுத்துற ஸ்பிண்டிலுக்கு விடுற நயம் ஆயிலும்மா. இனி வழுக்கிக்கிட்டுப் போகும்."

கம்பளி ஆயிலில் ஊறினால் பியானோ ஊமையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் விஷயம் மேனேஜர் வரை போகும், அந்தக் காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். உள்ளே போய் வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள்.

கட்டைகளில் பாதி அமுங்கியதும் அமுங்கியபடியே கிடந்தன. மீதியில் தலையணையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் வந்தது. படபடக்க வேண்டிய கட்டை ஒருதரம் முனகிவிட்டு ஓய்ந்தது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை. தாண்டவேண்டிய இடத்தில் தாண்டி, மணியடிக்க வேண்டிய இடத்தில் அடித்து, கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

துரைசாணி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "இந்த ஊர் வெயில் பியானோவைக் கொன்றுவிட்டது. என்னால் எதையும் கேட்க முடியவில்லை, பத்மா. மன்னித்துக்கொள்." கார் கிளம்பிப் போய்விட்டது.

நல்லகாமன் ஓடிவந்தார். "என்னம்மா சொன்னாக?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கண்ணே."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாஞ் சொன்னேன்ல! இனி வருசா வருசம் விட்டுருவோம்."

சொன்னபடியே விட்டார். ரிட்டயராகும் வரைக்கும் ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அந்த ஊமைப் பியானோவைத் திறந்து, கம்பளி சொட்டச் சொட்ட ஆயில் விட்டுப் பொட்டு வைத்தார். பத்மாசினி பக்கத்தில் நின்று குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இப்பெல்லாம் நீங்க வாசிக்கிறதே இல்லையே?" என்று ஒரு பூஜையன்று கேட்டார்.

"அதான் வாசிச்சு முடிச்சாச்சேண்ணே," என்று சொல்லிவிட்டு, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி தட்டை நீட்டினாள்.