கப்பல்காரத் தம்பி

எங்கள் வீட்டு மாடி பலகையால் ஆனது. மேலே யாராவது நடந்தால் கீழே தூசி விழும். பேசினால் பேச்சும் விழும். பர்மாவில், அலோன் படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த மாடியறைக்கு ஒரு கானா நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர் குடிவந்தபோது எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. வாரத்தில் ஆறு நாள் ஷ்வேப்யிதா தொழிற்சாலையில் தையல் மிஷின்களின் இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிறவள் நான். என்னுடைய ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

அம்மாதான் அவரைச் சேர்த்துக்கொண்டாள். காரணம் ஒரே ஒரு சொல். தெருவில் அவரைக் ‘கப்பலி’ என்றார்கள். ஆப்பிரிக்கர்களைக் குறிக்கும் பர்மியச் சொல் அது, மரியாதையான சொல் இல்லை. தமிழர்களான எங்களுக்கும் அப்படியொரு சொல் வைத்திருக்கிறார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அம்மாவோ அதைத் தமிழாகக் கேட்டுவிட்டாள்.

“கப்பல்ல வந்த புள்ளையாம்டி. எங்க ஐயாவும் கப்பல்ல வந்தவருதானே? வந்த எடத்துல ஒருத்தரு கதவத் தொறந்தாத்தான உண்டு.”

“அம்மா, அவரு ப்ளேன்ல வந்தாரு.”

“எதுல வந்தா என்ன? கப்பல்காரன் கப்பல்காரன்தான்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கப்பல்காரத் தம்பி. அவர் அம்மாவை பர்மிய வழக்கப்படி ‘அமே’ என்று கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த அரைகுறை பர்மிய மொழியில்தான் எல்லாப் பேச்சும் நடந்தது.

முழங்காலில் அடிபட்டு, ஆடிக்கொண்டிருந்த அணி அவரை விட்டுவிட்டிருந்த சமயம் அது. பகலெல்லாம் அறையிலேயே இருப்பார். ஒரு ஞாயிறு மதியம் நான் பாதித் தூக்கத்தில் கிடந்தபோது மேலேயிருந்து அவர் குரல் இறங்கி வந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நான் படுத்திருந்த கட்டில் தண்ணீரில் கிடப்பது போல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. கனவில் நான் ஒரு படகின் நடுவில் உட்கார்ந்திருந்தேன், முன்னால் வரிசையாக முதுகுகள் தெரிந்தன. விழித்ததும் கோபம் வந்தது. படியேறிப் போய், “என்னய்யா இது?” என்று கேட்டேன்.

“எங்க கிளப்போட கதை” என்றார் அவர்.

அவர் ஊரில் முன்பு துறைமுகம் கிடையாதாம். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து கொக்கோ மூட்டைகளை அலையைத் தாண்டிக் கொண்டுபோனவை நீளமான மரப்படகுகள். துடுப்புப் போடப் பத்துப் பேர், பின்னால் நின்று திசை பிடிக்க ஒருவர். கம்பெனி குமாஸ்தாக்கள் மாலையில் மணலில் பந்தாடுவதைப் படகுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருநாள் எண்ணிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர், படகிலும் பதினோரு பேர். அவ்வளவுதான், கிளப் பிறந்துவிட்டது. முதல் பந்து கிழிந்த பாய்மரத் துணியில் தென்னை நார் அடைத்துத் தைத்தது. பிற்பாடு வேறொரு ஊரில் துறைமுகம் வந்தது, படகுகள் மணலில் ஏறிவிட்டன. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் அங்கே கோல்கீப்பருக்குத் ‘திசை பிடிப்பவர்’ என்றுதான் பெயராம்.

கிளப்பின் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆட்டப் பருவம் தொடங்கும் நாளன்று காலையில் ஒருவர் தண்ணீரில் கால் நனைத்து நின்று அதை வாயால் சொல்ல வேண்டும். முதல் படகிலிருந்து இன்றுவரை கிளப்புக்கு உழைத்து இறந்தவர்களின் பெயர்கள் அதில் வரும். ஒவ்வொரு பெயருக்கும் கரையில் நிற்பவர்கள், “படகில் இருக்கிறார்” என்று பதில் சொல்வார்கள். சொல்கிறவர் கடைசிவரை சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் சொல்லும் உரிமை வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அந்த உரிமை அவருடைய அப்பாவிடம் இருந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை பார்த்தவர்.

மழைக்காலம் முடியும்முன் அந்த அப்பா இறந்துபோன செய்தி வந்தது. கப்பல்காரத் தம்பியால் ஊருக்குப் போக முடியவில்லை. இந்த வருஷம் நீதான் சொல்ல வேண்டும், இருக்கிற இடத்திலிருந்தே போனில் சொல், தண்ணீரில் நின்று சொல் என்று ஊர்க்காரர்கள் ஆள்மேல் ஆளாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

பயிற்சி தொடங்கியது. தினமும் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருவார், முடிவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றுவிடுவார். தினமும் அதே இடம். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இதோ இப்போது நிற்பார் என்று நினைப்பேன், குரல் நின்றுவிடும். அந்த அமைதியில் சட்டியில் எண்ணெய் சடசடக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

“மறந்துபோச்சு போலிருக்கு” என்றேன் அம்மாவிடம்.

“மறக்கலடி. அங்கதான் அவங்கப்பா பேரு வருது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னா செத்துட்டாருன்னு ஆயிரும்ல” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை ஏழு மணி, இங்கே மதியம் ஒன்றரை. மூன்று பேரும் படகுத்துறைப் படியில் இறங்கினோம். ஆறு வெயிலில் பால் டீயின் நிறத்தில் கிடந்தது. அக்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புகைமூட்டம். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினார். போனை நான் பிடித்துக்கொண்டேன். போனுக்குள் அவர் ஊர்க் கடல் இரைந்தது.

அவர் சொல்லத் தொடங்கினார். பெயருக்குப் பெயர் போனிலிருந்து பதில் வந்தது. என் தொழிற்சாலை, என் கோபம், எல்லாம் எங்கேயோ போய்விட்டன. மறுபடி அந்தப் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த இடம் வந்தது. அவர் நின்றார். போனில் கடல் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அம்மா புடவையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவருடைய வலது கையைப் பிடித்து விரித்தாள், ஆற்றை அள்ளி அதில் ஊற்றினாள். அவசரத்தில் பர்மிய மொழி மறந்து தமிழிலேயே சொன்னாள்:

“அப்பா பேரச் சொல்லுப்பா. சொன்னாத்தான் அவருக்குத் தண்ணி போய்ச் சேரும்.”

அவருக்கு ‘அப்பா’ என்ற ஒரு சொல்தான் புரிந்திருக்கும். கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். விரலிடுக்கில் அது ஒழுகித் தீருவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டார். “படகில் இருக்கிறார்” என்று போன் அதிர்ந்தது. அவர் அழுதுகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

போனை அணைக்கப் போனேன். அம்மா என் கையைத் தடுத்தாள். தயங்கித் தயங்கி பர்மிய மொழியில் அவரிடம் கேட்டாள், படகில் இன்னும் இடம் இருக்கிறதா என்று. கப்பலில் வந்த அவளுடைய அப்பா இதே துறையில் அரிசி மூட்டை சுமந்தவர். ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். எள்ளும் தண்ணீரும் விட ஆளில்லாமல் போனவர் என்பதை அம்மா என்னிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் போனைப் பார்த்து ஏதோ இரண்டு வரி சொன்னார். பிறகு அம்மா சொல்லிக்கொடுத்த என் தாத்தாவின் பெயரை, நாக்கு புரளாமல், எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

அந்தப் பக்கம் யாரோ அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு எல்லாக் குரல்களும் சேர்ந்து அதே பதிலைச் சொல்லின.

அம்மா நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தாள்.

“கப்பல்காரன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றாள்.