பின் சீட்டில் ஆள் இருந்தால்

காருக்குப் பெரிய அலாய் வீல் மாட்டியபோது வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக வந்துவிட்டேன். அப்பா பின் சீட்டில் ஏறியதும் வேகத்தடைகளில் டயர் அதன் மேல் கவிந்திருக்கும் ஃபெண்டர் தகட்டில் உரசியது. கனத்த உடம்புக்காரர், கூசிப்போனார்.

“நான் பஸ்ஸுல வாரேன்ப்பா.”

“சரி பண்ணிருவோம்ப்பா, பேசாம உக்காருங்க” என்றேன். செய்யவில்லை.

போன மாதம் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்ததும், சொன்ன வார்த்தை உறுத்த, காரைக்குடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் சாக்கோட்டை ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தார்.

“எங்கயும் உரசலையேண்ணே. பின்னாடி எப்பவும் யாரு உக்காருவாக? அவுகளையும் ஏத்திட்டு வாங்க, உரசுற எடம் பாத்து ஃபெண்டர் ஓரத்த உள்ள மடக்கி விட்டுர்றேன்.”

ஃபெண்டருக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். டயர் தேய்த்த இடம் வழவழவென்றிருந்தது.

“அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் காதுதான் அந்த உரசலுக்குக் காத்திருக்கிறது.