மொனாக்கோ போகாத ஷெர்வானி

வெளிநாட்டுக் கூரியர் கவுண்டரில் உட்கார்ந்தால் உலகமே பக்கத்தில் வந்துவிடும் என்று நம்பித்தான் தி.நகரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன், வந்ததெல்லாம் திட்டுதான். யாரோ செய்த தப்புக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பதில் சொல்லிப் பழகியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

மெஷினுக்குத் தெரியாத நாடு

திருவல்லிக்கேணியிலிருந்து சலீமாம்மா வந்தார். கணவர் தையல்காரர். மகன் இர்ஃபான் மொனாக்கோவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் பெண்ணோடு அங்கேயே கல்யாணம். பெற்றவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் மாப்பிள்ளை போட்டுக்கொள்ள அப்பா தன் கையால் தைத்த நீளக் கோட்டு, ஷெர்வானி, மட்டும் போகிறது.

கம்ப்யூட்டரில் தேடினேன். மால்டா இருந்தது, மொராக்கோ இருந்தது, மொனாக்கோவைக் காணோம். மேனேஜரைக் கேட்டேன். "பிரான்ஸ்னு போடும்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சலீமாம்மா என்னைத்தான் முறைத்தார்.

"இன்னாம்மா, உங்க மெஷினுக்குத் தெரியலன்னா என் புள்ள கீற நாடு இல்லாமப் பூடுமா?"

வரிசையில் நின்றவர்

அவருக்குப் பின்னால் ஒரு மயிலாப்பூர் மாமா, லண்டனில் இருக்கும் பெண்ணுக்கு அப்பளம் அனுப்ப நின்றிருந்தார். யாரும் கேட்காமலே, "மான்டி கார்லோன்னு போடும்மா, அதான் அந்த நாட்டோட பேரு" என்றார். அது நாட்டின் பெயரில்லை, அந்த நாட்டுக்குள் இருக்கிற ஒரு பேட்டை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"அப்போ மயிலாப்பூர் வேற, மெட்ராஸ் வேறங்கறியா நீ?"

ஹெட் ஆபீஸ் கேட்ட கேள்வி

மனசு கேட்கவில்லை. ஹெட் ஆபீசுக்கு போன் போட்டேன். "சார், அது தனி நாடு. மூணு பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் கடல். தனி இளவரசர், தனி அரசாங்கம், தனி போலீஸ், தபால்தலைகூடத் தனி. ஏர்போர்ட் மட்டும் இல்லை. பிரான்சுல நீஸ்ங்கற ஊர்ல இறக்கி, வேன்ல கொண்டு போகணும்." மூச்சு விடாமல் சொன்னேன். எவ்வளவு பெரிய நாடு என்று கேட்டார் எதிர்முனையில் இருந்தவர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போய்விடலாம் என்றேன்.

"திருவான்மியூர்லேர்ந்து பாலவாக்கம் போற தூரத்துக்குத் தனி நாடு வெச்சுக்கிட்டு ஏன் மேடம் நம்ம உயிரை எடுக்கறாங்க?"

முதல் எழுத்து

ஹெட் ஆபீசும் வழி சொல்லாததால், மேனேஜர் சொன்னபடி நாடு என்ற இடத்தில் பிரான்ஸ் என்றும், முகவரியில் மொனாக்கோ என்றும் போட்டு அனுப்பினேன். ஹெட் ஆபீசில் எந்தப் புத்திசாலியோ இரண்டும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, மொராக்கோ என்று "திருத்தி" விட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்க்கிறேன், பார்சல் ஆப்பிரிக்காவில், காசாபிளாங்காவில் கிடக்கிறது. கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மேனேஜர் அசையவில்லை.

"ரெண்டும் 'மொ'லதானே ஆரம்பிக்குது? இதைவிடப் பெரிய நாட்டுக்குத்தானே போயிருக்கு, விடும்மா."

திரும்பி வந்தது

இர்ஃபான் நண்பனிடம் கடன் வாங்கிய, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்ட கோட்டில் கல்யாணம் செய்துகொண்டான். ஷெர்வானி சுற்றிவிட்டு எங்கள் கவுண்டருக்கே வந்தது. வாங்கிப் போக வந்த சலீமாம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. போனில் கல்யாணப் போட்டோவைக் காட்டினார். மருமகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்சலின் மேல் குத்தியிருந்த முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"துணி விசா இல்லாம ஆப்பிரிக்கா வரைக்கும் போய் வந்துடுச்சி பாரு, பெத்தவங்களைத்தான் ஒருத்தனும் உள்ள வுடல."

இவ்வளவுக்கும் பிறகு கம்பெனி சும்மா இருக்கவில்லை: கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் சிரித்த முகமாகப் பேசுவது எப்படி என்று எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது.