ஆட்டை நாய் என்ற சட்டம்பியார்

"செல்லையாச் சட்டம்பியார் மோசம் போயிட்டாராம்" என்று தபால்காரர் படலையில் நின்று சொன்னபோது, "பிழை! போன கிழமைதானே அவரோடை கதைச்சனான்" என்று எரிந்து விழுந்தேன். அந்த மனுஷன் பாவம், கடிதத்தை நீட்டியபடியே நின்றார். செய்தி பிழையாக இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்கு நடந்தேன். வழியில் எவருடனும் ஒரு சொல் பேச முடியவில்லை. கால் நூற்றாண்டாக வகுப்பறையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அன்று வாய் கட்டிப்போயிற்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டிலிப்பாயில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். வாத்தியாரை ஊர் சட்டம்பியார் என்னும், நான் அவரை 'அண்ணை' என்பேன். நான் மேல்வகுப்புக்குத் தமிழ். அவர் அரிவரி வகுப்புக்கு, அதாவது புதிதாகப் பள்ளிக்கூடம் வரும் குஞ்சுகுருமான்களுக்கு. நெடிதுயர்ந்த உருவம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், எந்நேரமும் ஒரு கள்ளச் சிரிப்பு. சிறுபிள்ளைகளின் வாங்கிலேயே அமர்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பாடம் நடத்துவார். பாடம் முழுவதும் பிழை! வெளியே நிற்கும் ஆட்டைக் காட்டி, "பிள்ளையள், அந்த நாயைப் பாருங்கோ" என்பார். வகுப்பு கொதித்து எழும்.

"நாயில்லை, ஆடு!"

"அப்பிடியோ? அப்ப ஏன் வால் இருக்கு?"

அவ்வளவுதான். கொம்பு, குளம்பு, தாடி, குழை தின்பது என்று ஆளுக்கொரு நியாயம் கிளம்பும். தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்த பிள்ளைகூட முன்னுக்கு வந்து வாதாடும். பக்கத்து வகுப்பில் இலக்கணம் நடத்தும் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வாசலில் நின்றவரைக் காட்டி, "உவர் ஆர் பிள்ளையள், புகையிலை வாங்க வந்தவரோ?" என்று கேட்டார் நம்மவர். வகுப்பு ஒரே குரலில் மறுத்தது. புகையிலை வாங்குகிறவர் இவ்வளவு வெள்ளையாய் உடுத்தமாட்டார் என்று ஒரு பெண்பிள்ளை காரணமும் காட்டினாள். 'பிள்ளைகள் மிக நன்றாகப் பேசுகிறார்கள். ஆசிரியரின் பொது அறிவு போதாது' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். அண்ணை அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன், என் வீட்டில் அந்தக் கவலை வந்து சேரும்வரைக்கும். என் மகள் பூமணிக்கு மூன்று வயது கடந்தும் 'அம்மா' என்றோ, அப்பனை 'ஐயா' என்றோ ஒரு சொல் வரவில்லை. காது கேட்கும், சொன்னதெல்லாம் விளங்கும், வாய் மட்டும் திறக்காது. தமிழ் படிப்பிக்கிறவன் வீட்டில் ஊமைப்பிள்ளை என்று ஊர் குசுகுசுத்தது. என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். அது அதைவிடக் கொடுமை. சீதன வீட்டில் என் மனைவியும் அவளுடைய சகோதரிமார் மூவரும். ஒருத்தி பிள்ளையின் நாக்கில் வசம்பு தடவினாள். ஒருத்தி கிளி கொத்திய கொய்யாப்பழம் தேடி மரம் மரமாய் அலைந்தாள். மற்றவள் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். இதற்கிடையில் விஜயதசமிக்கு ஏடு தொடக்குவது என்று நாளும் குறித்தாயிற்று. இனசனம் கூடியிருக்க, சட்டம்பியார் சொல்லும் எழுத்தைப் பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஊமை என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிடும்.

வெட்கத்தை விட்டு அண்ணையிடம் சொன்னேன். அன்று பின்னேரமே வந்தார். ஒரு மூலையில் இருந்து வெற்றிலை போட்டபடி வீட்டைக் கவனித்தார். பூமணி கண்ணை உயர்த்தினாள். பெரியம்மா தண்ணீரோடு ஓடிவந்தாள். மூக்கைச் சுளித்தாள், சின்னம்மா பூனையைத் துரத்தினாள். கையை நீட்டினாள், பனங்கட்டி வந்தது.

"தம்பி, உந்தப் பிள்ளைக்குக் கதைக்க ஏலும். கதைக்கவேண்டிய கஷ்டம் ஒண்டுந்தான் இல்லை. நாலு பேர் அவவுக்கு வாயாய் இருக்கினமே!" என்றார்.

பிறகு சட்டம் போட்டார். பிள்ளை கேட்கும்வரை எவரும் எதையும் கொடுக்கக்கூடாது. கொடுத்தாலும் பிழையானதையே கொடுக்கவேண்டும். "விசர் மனுசன், பிள்ளையைப் பட்டினி போடப் பாக்கிறார்" என்று மச்சாள்மார் பொருமினார்கள். மூன்று கிழமை எங்கள் வீட்டில் ஒரே கூத்து. தண்ணீருக்குக் கண் காட்டினால் உலக்கை வரும். பூனையைக் காட்டினால் அதைத் தூக்கி மடியில் வைப்பார்கள். பிள்ளை நிலத்தில் விழுந்து உருளுவாள். இளைய மச்சாள் மனம் பொறுக்காமல் களவாய்ப் பனங்கட்டி கொடுத்தாள். பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்தது காட்டிக்கொடுத்துவிட்டது. இவ்வளவு செய்தும் சொல் வரவில்லை.

விஜயதசமியன்று வீடு நிறையச் சனம். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பூமணியை மடியில் இருத்திக்கொண்டார் அண்ணை. எழுத்துக்குப் போகவேயில்லை. வாழைப்பழத்தைத் தொட்டு, "உது கத்தரிக்காய்தானே?" என்றார். பிள்ளை முறைத்தாள். தேங்காயைத் தொட்டு, "உது பூசணிக்காய்" என்றார். தலையை ஆட்டி மறுத்தாள், கண் கலங்கிவிட்டது. பெரிய மச்சாள் வாயெடுத்தாள். அண்ணை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருடைய விரல் என் பக்கம் திரும்பியது.

"உந்த மனுசன் ஆர்? எனக்குத் தெரியாது. ஆரோ வழியாலை போனவர் போலை. எழும்பிப் போகச் சொல்லுவமே?"

நானும் எழும்பினேன். ஏன் எழும்பினேனோ தெரியாது. வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

"இல்லை! ஐயா! என்ரை ஐயா!"

தாம்பாளம் கவிழ்ந்தது. அரிசியை மிதித்துக்கொண்டு ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள் பூமணி. அத்தனை பேர் பார்த்திருக்க நான் விக்கி விக்கி அழுதேன். "எழுத்து நாளைக்கும் படிக்கலாம், முதல்லை அரிசியைக் கூட்டுங்கோ" என்றார் அண்ணை.

அன்று திறந்த வாய் இன்னும் மூடவில்லை. ஆறு மாதம் கழித்து மச்சாள்மார் மூவரும் அவரிடமே போய், "நிப்பாட்டவும் ஒரு வழி சொல்லுங்கோ" என்று கெஞ்சினார்கள். "உதுக்கு என்னட்டை மருந்தில்லை" என்று கையை விரித்துவிட்டார். பிழையாய்ப் படிப்பிக்கும் அந்த ரகசியத்தைப் பற்றி நான் கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "பிழையைக் கண்டால் பிள்ளை பொறுக்காது, தம்பி. பெரியாக்கள்தான் பொறுத்துப் பொறுத்துப் பேசாமல் இருந்து பழகினவை" என்றார்.

செத்தவீடு முடிந்து திரும்பியும் எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு நாள் ஊமையாய் இருந்து இதை எழுதினேன். இப்போது உடுவிலில் படிப்பிக்கிற பூமணி, என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். இரண்டாம் பந்திக்கு வந்ததும் தாளில் விரலால் குத்தினாள்.

"என்ன ஐயா உது, நெடிதுயர்ந்த உருவமோ? சட்டம்பியார் எங்கை உயரம்? கட்டை மனுசன்! வாங்கிலை இருந்தால் கால் நிலத்திலை முட்டாது. வெட்டுங்கோ!"

"வெட்டமாட்டன், கிடக்கட்டும்" என்றேன். இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு கள்ளப் பழக்கந்தான். அவரை அறிந்தவர்களே, சட்டம்பியாரை நெட்டை என்று எழுதியவனைச் சும்மா விடாதீர்கள். படலை திறந்திருக்கிறது. வந்து பிழையைச் சொல்லுங்கள். தேத்தண்ணி போட்டு வைக்கிறோம்.